வாடகைக்காரர்களின் நகரம்

வியன்னாவில் இருக்கிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் மொசார்ட்டையும் அரண்மனையையும் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது இங்குள்ள குழாய்த் தண்ணீர். சமையலறைக் குழாயைத் திறந்து அப்படியே பிடித்துக் குடிக்கலாம். ஜூலை வெயிலிலும் பல் கூசும். ரக்ஸ், ஷ்னேபெர்க், ஹோக்‌ஷ்வாப் மலைகளின் ஊற்றுநீர் அது. மலையிலிருந்து நகரம் வரை பம்பு எதுவும் இல்லாமல், நிலத்தின் சாய்விலேயே தானாக ஓடி வருகிறது. வரும் வழியில் மின்சாரமும் தருகிறது.

காலராவும் டைஃபாய்டும் ஆட்டிப் படைத்த ஊர் இது. எடுவர்ட் சூஸ் என்ற நிலவியல் அறிஞர் மாநகர மன்றத்தில் உறுப்பினராக இருந்து, நூறு கிலோமீட்டர் தொலைவானாலும் மலைத்தண்ணீரைத்தான் கொண்டுவர வேண்டும் என்று வாதாடி வென்றார். 1873இல் முதல் பாதை திறந்தது, 1910இல் இரண்டாவது. இன்று எந்தக் காபிக் கடையில் உட்கார்ந்தாலும் ஒரு கோப்பை மெலாஞ்ச் காபியோடு தட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரும் வந்துவிடும். அந்த ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மாலை முழுவதும் செய்தித்தாள் படிக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், தனியாக வந்து சேர்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் தண்ணீர் நகரத்துக்கு வந்துவிட்டதே தவிர, ஏழைகளின் வீட்டுக்குள் வரவில்லை. பழைய அடுக்குக் குடியிருப்புகளில் மாடிக்கு ஒரு குழாய், நடைவழிச் சுவரில் இருக்கும். பசேனா என்பார்கள். கழிப்பறையும் அதே நடைவழியில், பல குடும்பங்களுக்குப் பொது. நம் குழாயடியைப் போலவே சண்டையும் வம்பும் ஊர்ச்செய்தியும் அங்கேதான். வாடகையோ கழுத்தை நெரித்தது. ஓர் அறையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டில், குடும்பத்தலைவி கட்டிலைக் கூட மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டாள். இரவு வேலைக்குப் போனவன் பகலில் வந்து படுப்பான், பகல் வேலைக்காரன் இரவில். இந்தச் சேதிகளை எனக்குச் சொன்னவர் என் பக்கத்து வீட்டு மூதாட்டி. பசேனாவில் வாளியோடு வரிசையில் நின்றவர் அவருடைய அம்மா.

முதல் உலகப் போருக்குப் பிறகு 1919இல் மாநகராட்சியைச் சமூக ஜனநாயகக் கட்சி கைப்பற்றியது. நிதிப் பொறுப்பில் இருந்த ஹூகோ பிரைட்னர் 1923இல் வீட்டுவசதி வரி போட்டார். தொழிலாளி குடியிருந்த சிறு வீட்டுக்கு அற்ப வரி, மாளிகைக்கு மிகக் கனத்த வரி. வேலையாட்களை வைத்துக்கொள்ள வரி, மோட்டார் காருக்கு வரி. பணக்காரர்கள் அவரை வெறுத்தார்கள். வந்த பணத்தில் நகரம் 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீர்க் குழாய், கழிப்பறை. வியன்னாவின் சரித்திரத்தில் எந்தப் பேரரசர் கட்டியதையும்விட இதுவே பெரிய கட்டுமானம் என்று நான் நினைக்கிறேன்.

ஷோன்ப்ரூன் அரண்மனைக்கு வருகிறவர்களை அங்கே செல்லும் அதே யு4 மெட்ரோ ரயிலில் கடைசி நிலையமான ஹைலிகென்ஷ்டாட் வரை நான் வலுக்கட்டாயமாகவே கூட்டிப் போவேன். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். கார்ல் ஏன் (Karl Ehn) என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம், 1,382 வீடுகள். துணிவெளுக்கும் கூடம், குளியல் கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருந்தன. இடத்தின் பெரும்பகுதியைத் தோட்டத்துக்கென்று விட்டிருக்கிறார்கள். 1934 பிப்ரவரியில் ஆஸ்திரியச் சான்சலர் டோல்ஃபுஸின் ராணுவம், தொழிலாளர் எழுச்சியை ஒடுக்க, இந்தக் குடியிருப்பின்மீது பீரங்கியால் சுட்டது. சமூக ஜனநாயகக் கட்சியும் அதோடு தடை செய்யப்பட்டது. கட்டடம் நின்றது. அந்தக் காலத்துக் குடியிருப்புகளின் சுவர்களில், வீட்டுவசதி வரிப் பணத்தில் வியன்னா மாநகராட்சி கட்டியது என்று பெரிய எழுத்துகளில் பொறித்திருப்பதை இன்றும் பார்க்கலாம். கட்டியவர் பெயரை எழுதுவது எங்கும் உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுவரில் எழுதிய நகரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்று மாநகராட்சிக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. மானியத்தில் கட்டிய கூட்டுறவு வீடுகளையும் சேர்த்தால் நகரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் இப்படித்தான் குடியிருக்கிறார்கள். பேராசிரியரும் டிராம் ஓட்டுநரும் ஒரே மாடிப்படியில் ஏறுவது இங்கே சாதாரணம். வந்த புதிதில் தனியார் வீடொன்றில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருந்தேன். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் உரிமையாளர் வாடகையை உயர்த்தினார், வேறு இடம் தேடவேண்டியதாயிற்று. மாநகராட்சி வீட்டில் அந்தக் கெடு கிடையாது. ஒப்பந்தத்தில் முடிவுத் தேதியே இல்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். வீடு சொந்தமாக இருந்தால்தான் மனுஷனுக்கு மரியாதை என்று சொல்லியே என்னை வளர்த்தார்கள். இங்கே வாடகைக்காரர் யாரும் தலைகுனிந்து நடப்பதில்லை.

குடியிருப்பில் கட்டுப்பாடும் அதிகம்தான். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. துணி துவைக்கும் கூடத்துக்கு முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். ஞாயிறன்று அநேகமாக எல்லாக் கடையும் அடைப்பு. முதலில் எரிச்சலாக இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று எனக்கு மிகப் பிடித்த நாள். செலவழிக்க வழியில்லாததால் ஊரே தோனாவின்சலுக்குப் போகிறது. வெள்ளத்தைத் தடுக்கப் புதிய கால்வாய் தோண்டிய மண்ணில், டான்யூப் நதியில் உருவாக்கிய 21 கிலோமீட்டர் நீளத் தீவு அது. குளிக்கக் கட்டணம் கிடையாது.

இந்த நகரத்தை நான் இவ்வளவு நேசிப்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மாநகராட்சி வீடு 2006இல்தான் கிடைக்கத் தொடங்கியது, அதுவும் ஒன்றியத்தின் விதி வற்புறுத்திய பிறகு. இன்றும் வாக்களிக்கும் வயதுள்ள வியன்னாவாசிகளில் மூன்றில் ஒருவருக்கு மாநகர மன்றத் தேர்தலில் வாக்கில்லை, ஏனென்றால் அவர்கள் ஆஸ்திரியக் குடிமக்கள் அல்லர். குடியுரிமைக்குப் பொதுவாகப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும், பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும், குறிப்பிட்ட வருமானமும் காட்ட வேண்டும். மருத்துவமனையில் தரை துடைக்கும் பெண்ணால் அந்த வருமானத்தைக் காட்ட முடிவதில்லை.

எங்களுக்கு வட்டார அளவிலாவது வாக்குரிமை தர வியன்னா முயன்றது. 2004இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனி நாடாளுமன்றம்தான் சட்டத்தை மாற்ற வேண்டும். வரி கட்டி, இங்கேயே பிள்ளை வளர்த்து, இங்கேயே முதுமை அடைகிறவர்களுக்கு அந்த உரிமையைத் தாமதமின்றித் தர வேண்டும்.