ஊர் என்கிற சொல்

ஊர் என்றால் மக்கள் குடியிருக்கிற இடம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எங்க தெருவில் அதற்கு வேறு அர்த்தம். "அம்மா ஊருக்குப் போயிருக்கு" என்றால் பஸ் ஏறிப் போகவில்லை. வாய்க்காலைத் தாண்டி நாத்து நடப் போயிருக்கிறது. ஊர்னா அவங்க. நாங்க சேரி. அரசாங்கம் வீடு கட்டித் தந்த பிறகு காலனி. மழை உண்டா என்று போனில் கேட்டால், "ஊர்ல நல்ல மழை, நமக்குந்தான்" என்கிறது அம்மா இன்னமும்.

ஊர்க்கிணறு, ஊர்க்கோயில், ஊர்க்கூட்டம். சாதிப் பேரையே எடுக்காமல் நம்மை வெளியே நிறுத்துகிற சொற்கள். கோயில் நுழைவுக்கு ஊர்மக்கள் எதிர்ப்பு என்று பத்திரிகைக்காரன் எழுதுகிறான். அப்போ நுழையப் போனவன் எந்த ஊர்க்காரன்? படிக்கிறவனுக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை. வரவிடாமல் அந்தச் சொல்லே பார்த்துக்கொள்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் வசவையே தலைப்பாக்கி 'பறையன்' பத்திரிகை தொடங்கினார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து 'ஆதிதிராவிடர்' என்ற பேரை அரசு ஏட்டில் ஏற்றினார். 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். நல்லதுதான். ஆனா இதெல்லாம் நம்மைக் குறிக்கிற சொற்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட 'ஊர்' மேல் இதுவரை யாரும் கை வைக்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இப்போ காலனியா என்று கேட்பதில்லை. "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்கிறார்.