அடுப்படிக்கும் ஒரு விசிறி

கோடைக்காலம் நெருங்கிவிட்டால் நம் குடும்பங்களில் எழும் முதற்பேச்சு பெரும்பாலும் மின்விசிறியைப் பற்றியதே. பழையது சரியாகச் சுற்றவில்லை, மாற்ற வேண்டும். மாடியில் அறை எழுப்பியாயிற்று, அங்கொன்று மாட்ட வேண்டும். மகளுக்குத் திருமணம், மாப்பிள்ளை வீட்டார் வருமுன் முன்னறைக்கு அழகானதாக ஒன்று வேண்டும். "கடைக்குப் போனோம், வாங்கினோம், மாட்டினோம் என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?" என்று வாசகர்கள் கேட்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வீடுகளை மந்திரிக்கச் சென்று வரும் எனக்கு, இதில் சிந்திக்கத்தக்கது நிறைய இருப்பதாகவே படுகிறது.

புதுமனைக்கு வரும் விருந்தினர் முன்னறையோடு நின்றுவிடுவர். தீர்த்தம் தெளிக்கச் செல்லும் குருவானவரோ அடுப்படி, பின்கட்டு, வயது முதிர்ந்தோர் படுத்திருக்கும் மூலை ஆகிய அனைத்தையும் கண்டுவிடுகிறார். அவ்வாறு கண்ட வீடுகள் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. ஓர் இல்லத்தில் யாருடைய வியர்வை எண்ணப்படுகிறது, யாருடைய வியர்வை எண்ணப்படுவதில்லை என்று அறிய, அறைதோறும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாலே போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றேன். முன்னறையில் விளக்குகளோடு கூடிய அலங்கார விசிறி. படுக்கையறை இரண்டிலும் விசிறி. உணவு மேசைக்கு மேலே ஒன்று. அடுப்படியின் கூரை மட்டும் வெறுமையாக இருந்தது. இல்லத்தரசியிடம் கேட்டேன். "எனக்கெதற்கு சாமி? சமையல் முடிந்ததும் வெளியே வந்துவிடுவேனே!" என்று சிரித்தார். "அங்கே விசிறி போட்டால் அடுப்பு அணைந்துவிடும் சாமி" என்றார் கணவர். அவர் கூறிய காரணமும் பொய்யன்று. ஆயினும், "அம்மா அடுப்படியில் நிற்கும் நேரத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள்" என்றேன். காலையில் இரண்டரை மணி, நண்பகலில் ஒன்றரை, மாலையில் இரண்டு. ஆக, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம். முன்னறையில் விருந்தினர் அமரும் நேரம் வாரத்திற்கு ஆறு மணியாவது வருமா? அவர் விடை சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் அவ்வழியே சென்றபோது, அடுப்படிச் சுவரில் சிறிய விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

காற்றை உண்டாக்குகிறவருக்குக் காற்று கிட்டாமற்போவது பழைய கதை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் பங்களாக்களிலும் நீதிமன்றங்களிலும் ஆலயங்களிலும் கூரையிலிருந்து நீண்ட துணி விசிறிகள் தொங்கின. 'பங்கா' எனப்பட்ட அவற்றின் கயிற்றை இழுத்த ஏழைப் பணியாளர், பல இடங்களில் சுவருக்கு வெளியே தாழ்வாரத்தில் அமர்ந்து இழுத்தார். 1880களில் அமெரிக்காவில் ஃபிலிப் டீல் என்பவர், தையல் இயந்திரத்துக்கென்று அமைத்த மின்மோட்டாரைக் கூரையில் பொருத்தி, இறக்கைகளைச் சேர்த்து மின்விசிறியை உருவாக்கினார். கயிறு இழுத்தவரின் துன்பம் காலப்போக்கில் நீங்கிற்று. ஆனால் சுவருக்கு அப்பால் ஒருவரை வியர்க்க வைக்கும் வழக்கம் நம் வீடுகளை விட்டு முற்றிலும் நீங்கிற்றா? 2011ஆம் ஆண்டு தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றையும் விலையின்றி வழங்கத் தொடங்கியது. அப்போது நான் கண்ட வீடுகள் பலவற்றில் மிக்ஸியும் கிரைண்டரும் அடுப்படிக்குச் சென்றன; விசிறி மட்டும் முன்னறைக்குச் சென்றது.

ஆகவே விசிறி வாங்குமுன் முதலில் எண்ண வேண்டியது விலையுமன்று, நிறமுமன்று. அதன் கீழே யார், எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறார் என்பதே. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் உடலின் வியர்வையை உலர்த்தி, அதனால் நம்மைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் மின்கட்டணம் ஏறுவதன்றி வேறு பயனில்லை. காற்று மிகுதியாக விழுவது இறக்கைகளுக்கு நேர் கீழேயும் அதைச் சுற்றிய சிறிதளவு இடத்திலுமே. எனவே அறையின் நடுப்புள்ளியைத் தேடுவதைவிட, கட்டிலும் நாற்காலியும் எங்கே இருக்கும் என்று தேடுவது அறிவுடைமை.

அளவைப் பற்றி ஒரு சொல். நூறு சதுர அடிக்கு உட்பட்ட சிற்றறைக்கு 900 அல்லது 1050 மில்லிமீட்டர் விசிறி போதும். பத்துக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறைகளுக்கு 1200 மில்லிமீட்டர், அதாவது நாற்பத்தெட்டு அங்குலம், பொருத்தமானது. நீண்ட கூடத்திற்குப் பெரியது ஒன்றை விட நடுத்தரமானவை இரண்டு நலம். இறக்கைகளின் எண்ணிக்கை கூடினால் காற்றும் கூடும் என்று நம்புவோர் பலர். காற்றின் அளவைத் தீர்மானிப்பவை மோட்டாரின் வலிமையும் இறக்கையின் சாய்வும் வேகமுமே. பெட்டியின் மீது, நிமிடத்திற்கு எத்தனை கன மீட்டர் காற்று, எத்தனை வாட் மின்சாரம் என்ற இரண்டையும் பார்த்து வாங்குங்கள். 1200 மில்லிமீட்டர் விசிறி, நிமிடத்திற்கு இருநூறு கன மீட்டருக்குமேல் காற்றுத் தர வேண்டும். 2023 சனவரி முதல் நம் நாட்டில் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. நட்சத்திரம் கூடக்கூட மின்செலவு குறையும்.

பி.எல்.டி.சி. என்னும் எழுத்துகளோடு விற்கப்படும் புதுவகை விசிறிகளைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். சாதாரண விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். இவ்வகை முழுவேகத்தில் 30 வாட் அளவே கொள்ளும். நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால், ஒரு விசிறிக்கு மாதம் இருபது யூனிட் மிச்சமாகும். விலை சற்று அதிகமே. ஆகவே வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. நெடுநேரம் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள். பல வீடுகளில் அது படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா, பாட்டியின் விசிறியாகவே இருக்கும். இவ்வகை விசிறியைச் சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டர் வழியே இணைக்கலாகாது. நேராக ஸ்விட்சில் இணைக்க வேண்டும்.

இனி அடுப்படி. எரிவாயு அடுப்புக்கு நேர் மேலே கூரை விசிறி கூடாது. சுடர் அலையும், அணையவும் கூடும். அணைந்த அடுப்பிலிருந்து வாயு கசிவது பேராபத்து. அதற்காக அடுப்படிக்கு விசிறியே வேண்டாம் என்பது முறையாகாது. அடுப்புக்கு அருகே சுவரின் உயரத்தில், வெப்பத்தையும் புகையையும் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றைப் பொருத்துங்கள். சமைப்பவர் மீது மட்டும் படும்படி, அடுப்பின் பக்கம் காற்று செல்லாதவாறு, சிறிய சுவர் விசிறி ஒன்றை அமையுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: எரிவாயு நாற்றம் வந்தால் எந்த விசிறியையும், எந்த ஸ்விட்சையும் தொடலாகாது. அவ்வாயு காற்றைவிடக் கனமானது, தரையையொட்டித் தங்கும். ஸ்விட்சில் தோன்றும் சிறு பொறி போதும். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுவதே வழி.

விசிறியை மாட்டுவது கைத்திறனை மட்டுமன்று, மனச்சாட்சியையும் வேண்டும் வேலை. முன்பு நான் பணியாற்றிய கடற்கரைப் பங்கில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். பழைய கொக்கியில் புதிய விசிறியை மாட்டச் சொன்னால், முதலில் அதில் ஒரு மணல் மூட்டையைக் கட்டி ஓர் இரவு தொங்கவிடுவார். மறுநாள் கொக்கியைச் சுரண்டிப் பார்த்து, உப்புக்காற்றில் துருவேறி மெலிந்திருந்தால் மாட்ட மறுத்துவிடுவார். "ஒரு நாள் கூலி போனால் போகட்டும் சாமி, இது தூங்குகிறவர் தலைக்கு மேலே தொங்குவது" என்பார். விசிறியின் எடை சில கிலோதான்; ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஓயாது அதிரும் எடை அது. புதிதாகத் தளம் போடுவோர், கம்பி கட்டும் நாளிலேயே அருகிருந்து, கொக்கி தளத்தின் கம்பிகளோடு நன்றாகப் பிணைக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டில் உத்திரத்திலும், தகரக் கூரை வீட்டில் உறுதியான இரும்புக் குழாயிலும் மாட்ட வேண்டும். தகரக் கூரையின் கீழ் விசிறி சூடான காற்றையே கீழிறக்கும். கூரையின் மேல் வெள்ளையடித்தால், அதே விசிறி அதிகச் சுகம் தரும்.

இறக்கைகள் தரையிலிருந்து எட்டடிக்குக் குறையாமலும், கூரையிலிருந்து ஏறத்தாழ ஓரடி கீழேயும் இருத்தல் நலம். பேரப்பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக் கொஞ்சும் தாத்தாவையும், கட்டில்மீது நின்று குதிக்கும் சிறுவனையும் மனத்தில் வைத்து உயரத்தைத் தீர்மானியுங்கள். பரணின் விளிம்பும் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டும் இறக்கைக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். விளக்கு இறக்கைகளுக்கு மேலே அமைந்தால், படிக்கும் பிள்ளையின் புத்தகத்தில் நிழல் ஓயாமல் வெட்டி வெட்டி ஓடும். எர்த் கம்பியை வீண்செலவென்று விட்டுவிடாதீர்கள். மின்கசிவு நேரும்போது உயிரைக் காப்பது அதுவே. வேலை நடக்கும்போது ஸ்விட்சை மட்டுமின்றி மெயினையும் அணையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, கோடை தொடங்குமுன், மெயினை அணைத்துவிட்டு இறக்கைகளின் தூசியைத் துடையுங்கள். குழாயைத் தாங்கும் போல்ட்டு, அதன் ரப்பர், போல்ட்டு கழன்றுவிடாமல் காக்கும் பின் ஆகியவற்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண விசிறி மெதுவாகச் சுற்றினால் உடனே புதியது வாங்க ஓடாதீர்கள்; பெரும்பாலும் பழுது சிறிய கண்டென்சரில் இருக்கும், அதன் விலையும் சொற்பமே. மற்றொன்று: அறையின் வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டினால், விசிறிக்காற்று உடலை மேலும் சூடாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் முதியவர்களை விசிறியை மட்டும் நம்பி விட்டுவிடாமல், ஈரத்துணியால் உடலைத் துடைத்து, அடிக்கடி நீர் கொடுத்துக் காத்திடுங்கள்.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, அடுத்த விசிறியை வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் ஒரு சிறு பயிற்சி செய்யுங்கள். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில், உங்கள் வீட்டின் ஒவ்வோர் அறையிலும் கால் மணி நேரம் உட்காருங்கள். உங்கள் மனைவி சமைக்கும் வேளையில் அடுப்படியிலும் அவ்வாறே நில்லுங்கள். எந்த இடத்தில் உங்கள் சட்டை முதலில் நனைகிறதோ, அந்த இடத்திற்கே அடுத்த விசிறி உரியது.