காத்தாடி என்று சொன்னேன்

மண்ணெண்ணெய் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு, ஈத்தர் ஒரு பங்கு. இந்த மூன்றையும் கலந்து ஊற்றினால்தான் எங்கள் விமானம் பறக்கும். என்ஜின் 2.5 சி.சி. டீசல். ஓடி முடித்த பிறகு சட்டை, கை, தலைமயிர் எல்லாம் விளக்கெண்ணெய் வாடை. அந்த வாடையோடு பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கு அது புதுசு இல்லை.

2006இல் பி.ஏ. தமிழ் சேர்ந்த கையோடு என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தேன். பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. பரேடு முடிந்தால் பூரி போடுவார்கள். யூனிபாரத்தோடு ஊர்த்தெரு வழியாக நடந்துபோனால் ஒரு தெம்பு. அவ்வளவுதான். அங்கேதான் கண்ட்ரோல் லைன் விமானத்தைப் பார்த்தேன்.

இதில் ரிமோட் கிடையாது. விமானத்துக்கும் நடுவில் நிற்கிற ஆளுக்கும் இடையே இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள், பதினைந்து மீட்டர் சுமாருக்கு. ஆள் கையில் ஒரு கைப்பிடி. அதை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும். விமானத்துக்குள் பெல் கிராங்க் என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறது, அது திரும்பும். அது ஒரு தண்டைத் தள்ளும், வாலில் இருக்கிற எலிவேட்டர் தூக்கும், விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். விமானம் வட்டம் போட, நடுவில் நிற்கிறவனும் கூடவே சுற்ற வேண்டும். கம்பி விறைப்பாக இருக்கிறவரைக்கும்தான் விமானம் சொல்பேச்சு கேட்கும். தளர்ந்தால் போச்சு. அதனால் வெளிப்பக்க இறக்கை நுனியில் கொஞ்சம் ஈயம் வைப்போம், என்ஜினையும் வெளியே பார்க்கத் துளி சாய்த்து முடுக்குவோம். விமானம் எந்நேரமும் வட்டத்தை விட்டு ஓடப் பார்க்கணும், கம்பி அதை விடக்கூடாது. அதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

உலகப் போட்டிகளில் இது நான்கு வகை: வேகம், சாகசம், குழு ஓட்டம், சண்டை. சண்டையில் வாலில் கட்டிய காகித நாடாவை எதிராளியின் விமானம் விசிறியால் வெட்ட வேண்டும், ஒரு வெட்டுக்கு 100 புள்ளி. குழு ஓட்டத்தில் மூன்று விமானம் ஒரே வட்டத்தில் பறக்கும். கம்பி நீளம் 15.92 மீட்டர், 100 சுற்று போனால் 10 கிலோமீட்டர். பைலட்டுக்கு ஒரு மெக்கானிக் உண்டு. விமானம் இறங்கினதும் பிடித்து, எண்ணெய் ஊற்றி, விரலால் விசிறியைத் தட்டி, மறுபடி விடுகிற ஆள். முடிவில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே எழுதப்படும். இதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். படித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் எங்கள் காலேஜில் நான் மெக்கானிக்.

மாடல் செய்யச் சொல்லிக் கொடுத்தவர் என்.சி.சி.யின் ஏரோமாடலிங் பயிற்சியாளர். நல்ல மனுஷர். பால்சா மரத்தை அவர்தான் முதலில் என் கையில் வைத்தார். முருங்கைக் கட்டையைவிட லேசு. பிளேடால் அறுத்து, வரைபடத்தின்மேல் குண்டூசி குத்தி, இறக்கைக்கு எலும்பு எலும்பாக ஒட்ட வேண்டும். பிறகு அதன்மேல் மெல்லிய காகிதம் போர்த்தி, தண்ணீர் தெளித்துக் காயவிட்டு, டோப் என்ற வார்னிஷைப் பூச வேண்டும். டோப் காயக் காயக் காகிதம் சுருங்கி விறைக்கும். மற்ற பையன்கள் போர்த்தினது சுருக்கம் சுருக்கமாகக் கிழவி கன்னம் மாதிரி இருந்தது. நான் போர்த்தினதை சார் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். விரலால் ஒரு சுண்டு சுண்டினார். டங்கென்றது.

"எங்கடா கத்துக்கிட்ட இத?"

சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். "காத்தாடி ஒட்டிப் பழக்கம் சார்" என்றேன்.

பொய். நான் காத்தாடி ஒட்டினதே இல்லை. எங்கப்பா பறை கட்டுகிறவர். வேப்பங்கட்டையில் மூன்று துண்டு சீவி, இரும்புப் பட்டை அடித்து வட்டச் சட்டமாகச் சேர்ப்பார். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிப் பசை எடுப்பார். ஊறவைத்த தோலைச் சட்டத்தில் இழுத்து ஒட்டுவார். எந்தப் பக்கம் முதலில் இழுக்கிறது, எதிர்ப்பக்கம் எவ்வளவு விடுகிறது, ஈரம் எந்தப் பதத்தில் இருக்கணும், எல்லாம் விரலில்தான் கணக்கு. காய்ந்த பிறகு சுண்டிப் பார்ப்பார். பத்து வயசு வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து தோலின் மறுமுனையைப் பிடித்தது நான்தான். அந்தப் பிடிதான் காகிதத்துக்கும் வந்தது.

1998இல் ஊரில் ஒரு பெரிய சாவு. அப்பாவுக்குக் காய்ச்சல், அடிக்க வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து இழுத்துப் போனார்கள். பொழுது விடிய அடிக்க வைத்தார்கள். கூலி என்று வீசினதை அவர் குனிந்து எடுக்கவில்லை, அதற்கும் ஒரு அடி. மறுநாள் வீட்டிலிருந்த இரண்டு பறையையும் கிழித்து அடுப்பில் வைத்தார். அதற்குப் பிறகு தொடவே இல்லை. கரும்பு வெட்டப் போனார். "படிச்சிக்கினு எங்கியாவது போயிடு. இத மட்டும் கையால தொடாத" என்று எனக்குச் சொன்னார். நான் தொடவில்லை. ஆனால் கை மறக்கவில்லையே.

காலேஜுக்கு மூன்று விமானம். மூன்றுக்கும் இறக்கை போர்த்தினது நான். என்ஜினைத் தட்டிக் கிளப்புவதும் நான். டீசல் என்ஜினில் பிளக் கிடையாது, தலையிலிருக்கிற திருகை முடுக்கி அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் கிளப்பணும். முடுக்கு கொஞ்சம் அதிகமானால் விசிறி திருப்பி அடிக்கும். என் வலது கை ஆள்காட்டி விரலில் இன்னும் இரண்டு தழும்பு இருக்கிறது. கைப்பிடி மட்டும் ஒரு சீனியருக்கு. எங்கள் பக்கத்து ஊர், நிலம் நீச்சு உள்ள குடும்பம். நானும் பறக்கவிட்டுப் பார்க்கிறேன் அண்ணா என்று நாலு தரம் கேட்டேன். "நீ ஸ்டார்ட் பண்றதுல எக்ஸ்பர்ட்டுடா, உன்ன வுட்டா யாரு இருக்கா" என்பார். வஞ்சனையாகச் சொன்னாரென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். சிரித்துக்கொண்டு, தோளில் தட்டித்தான் சொன்னார். எங்கள் தாத்தனிடமும் அவர்கள் தாத்தன் அப்படித்தான் சொல்லியிருப்பான்: உன்ன மாதிரி அடிக்க ஆளேதுடா.

2007இல் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நல்ல விமானம் விழுந்தது. லூப் போட ஏறினது உள்பக்கமாகச் சாய்ந்தது, கம்பி தளர்ந்தது, அவர் பின்னால் ஓடிப் பார்த்தார், பிடிபடவில்லை. மூக்கால் தரையில் குத்தியது. "றெக்கைய இவன்தான் ஒட்னான்" என்று விரல் நீட்டினார். பார்த்தால், வெளிப்பக்க இறக்கை முறுக்கியிருந்தது. முறுக்கின இறக்கை அதிகமாகத் தூக்கும், விமானம் பைலட் பக்கம் சாயும். தப்பு என்னுடையதுதான். அவசரத்தில் மேல்பக்கத்துக்கு மட்டும் டோப் அடித்து வெயிலில் நிறுத்திவிட்டிருந்தேன்.

உடைந்த இறக்கையை லுங்கியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன். ராத்திரி சிமினி வெளிச்சத்தில் எலும்பு ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கரும்புக்காட்டிலிருந்து வந்தவர் நின்று பார்த்தார்.

"இது என்னாடா?"

"ஏரோப்ளேன் றெக்கப்பா."

உட்கார்ந்தார். கிழியாமல் இருந்த பாகத்தைச் சுண்டினார். ஓரத்துக்கு ஓரம் காது வைத்துச் சுண்டிக்கொண்டே போனார். "இங்க பேசுது. இங்க பேசல" என்றார். சட்டத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "ஒரு பக்கமா இழுத்துட்ட. கட்ட முறுக்கிக்கும். மேலயும் கீழயும் சரிசமமா ஒட்டு. பலகைல வச்சி அமுக்கிக் கட்டு. காயற வரைக்கும் எடுக்காத, வெயில்ல வைக்காத."

அன்றைக்கு மறுமுனையைப் பிடித்தது அவர். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த விரல்கள் ஒரு சட்டத்தின்மேல் வேலை செய்தன. இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த இறக்கையோடுதான் போட்டியில் பறந்தது. நான் தட்டிக் கிளப்பினேன், வாலைப் பிடித்து நின்றேன், அவர் கை அசைத்ததும் விட்டேன். லூப், தலைகீழ், எட்டு, எல்லாம் சுத்தமாக வந்தது. இரண்டாம் பரிசு. சான்றிதழில் ஒரே ஒரு பெயர். எங்கள் விதியில் மெக்கானிக்குக் கட்டம் இல்லை.

எல்லாரும் போன பிறகு பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார். "மீதி எண்ண இருக்கு, புடி" என்று கைப்பிடியைக் கொடுத்தார். முதல் சுற்றில் தலை கிறுகிறுத்தது. "தரையப் பாக்காத, பிளேனையே பாரு" என்று கத்தினார். பார்த்தேன். உலகம் பின்னால் அழிந்துகொண்டு ஓடியது, விமானம் மட்டும் அசையாமல் எதிரே நின்றது. கம்பி வழியாக என்ஜின் அதிர்வு உள்ளங்கைக்கு வந்தது. பறையின் ஓரத்தைப் பிடித்திருந்தால் எப்படியோ அப்படி. லூப்பெல்லாம் போடவில்லை. எண்ணெய் தீருகிறவரை சுற்றினேன். அவ்வளவுதான் நான் பறந்தது.

பின்னால் எம்.ஏ. படிக்கிறபோது இயக்கத்துக்கு வந்தேன். பறை பற்றிய விவாதம் அங்கே தீராத விவாதம். விடுதலையின் கருவி, கையில் எடு என்கிறது ஒரு பக்கம். இழிவின் சின்னம், வீசு என்கிறது இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எரித்தவர் மகன் நான், எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் அடிப்பதைப் பற்றியே பேசுகிறோம். கட்டுவதைப் பற்றிப் பேச ஆளில்லை. மரத்தின் முறுக்கு, பசையின் பதம், தோலின் ஈரம் என்று ஒரு பொறியியல் எங்கள் விரலில் இருந்திருக்கிறது. அதை அடிமைத்தனத்தோடு சேர்த்தே அடுப்பில் வைத்தோம். வைக்க வைத்தார்கள்.

கண்ட்ரோல் லைனின் கதையிலும் ஒரு பெயர் அழிப்பு உண்டு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் 1930களிலேயே இப்படிக் கம்பி கட்டி 'மிஸ் ஷெர்லி' என்ற விமானத்தைப் பறக்கவிட்டார். அதே மாநிலத்து ஜிம் வாக்கர் காப்புரிமை எடுத்து, 'ஃபயர்பால்' என்று விற்றுப் புகழ்பெற்றார். 1955 வாக்கில் வாக்கர் இன்னொரு கம்பெனியோடு வழக்காடப் போய்த்தான் செயின்ட் கிளேரின் பழைய விமானம் கோர்ட்டுக்கு வந்து, காப்புரிமை நிற்காமல் போனது. அவர் வெள்ளைக்காரர், அவர் கதை வேறு, நம் கதை வேறு. செய்து வைத்த பொருளாவது அவரிடம் மிச்சமிருந்தது. சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். என்னையும் ஒருத்தர் கேட்டாரே, எங்கே கற்றாய் என்று. கூப்பிட்ட இடத்தில் நான் பொய்ச்சாட்சி சொன்னேன்.

இத்தனை வருஷம் கழித்துப் போன பொங்கலுக்கு அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அந்த சார் எங்க கத்துக்கிட்டன்னு கேட்டாருப்பா. காத்தாடின்னு சொல்லிட்டேன்."

வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உண்மையச் சொல்லியிருந்தா கைப்பிடியக் குடுத்திருப்பானுங்களா?"

"குடுத்திருக்க மாட்டானுங்கப்பா."

"அப்பறம் என்னா" என்றார்.

அவர் அதோடு விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை. கைப்பிடி கிடைக்காதது அவர்கள் கணக்கு. காத்தாடி என்று சொன்னது என் கணக்கு. அதைத்தான் இங்கே எழுதித் தீர்க்கிறேன்: அந்த இறக்கையைப் போர்த்தக் கற்றுக்கொண்டது பறை கட்டுகிற வீட்டில். சொல்லிக் கொடுத்தவர் எங்கப்பா.