அகவைக் கணக்கு

"உமக்கு வயது என்ன?" என்று வினவுவாரிடம் நாம் உடனே ஓர் எண்ணைக் கூறிவிடுகின்றோம். அவ்வெண் நிறைந்த ஆண்டைக் குறிப்பதா, நடக்கின்ற ஆண்டைக் குறிப்பதா என்று கேட்போரும் எண்ணுவதில்லை, சொல்வோரும் எண்ணுவதில்லை. யாம் பிறந்த புதுக்கோட்டைச் சீமையில் முதியோர் நடப்பாண்டையும் சேர்த்தே சொல்வர். கல்லூரிப் பதிவேடோ நிறைந்த ஆண்டையே கொள்ளும். ஆதலின் யாம் வீட்டில் இருபது வயதினராகவும், ஈண்டுப் பத்தொன்பது வயதினராகவும் வாழ்ந்து வருகின்றோம்.

நுட்பமான வயதைக் காணும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். எம் ஊரார் பெருமிதத்துடன் பெயர் கூறும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார்; 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் மறைந்தார். ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்து 82 என்பார் பிழைபடுவர். பிறந்தநாள் மீண்டும் வருதற்கு எட்டு நாள் இருந்தமையின் நிறைந்தவை 81 ஆண்டுகளே. 1968 சூன் 30 முடிய 81 ஆண்டும் 11 மாதமும் சென்றன. அதன்மேற் சென்றவை 22 நாள். மாதங்கள் ஒரே அளவின அல்ல ஆதலின், முழு ஆண்டுகளையும் முழு மாதங்களையும் முன்னர் எண்ணி, எஞ்சிய நாளை இறுதியில் எண்ணுதலே தொல்லையற்ற வழி.

நாட்கணக்காகவே அறிய விரும்புவார் 82ஐ 365ஆற் பெருக்கி, இடையில் வந்த பிப்ரவரி 29ஆம் நாட்கள் இருபதையும் கூட்டி, குறைந்த எட்டு நாளைக் கழிக்க வேண்டும். வருவது 29,942. 1900ஆம் ஆண்டு நான்கால் வகுபடினும் நானூறால் வகுபடாமையின் லீப் ஆண்டு அன்று. அதை மறந்தார்க்கு ஒரு நாள் மிகும். இனி இத்தொகையை ஏழால் வகுக்க மூன்று மிஞ்சும். அம்மையார் பிறந்தது வெள்ளிக்கிழமை, மறைந்தது திங்கட்கிழமை, வெள்ளிக்கு மூன்றாம் நாள் திங்களன்றோ? கணிதத்தில் எமக்குள்ள அச்சத்தை நண்பர் அறிவர். எனினும் இச்சோதனை ஒன்று எமக்கு மிகவும் பிடித்தமானது.

தமிழாண்டின் வழியாகப் பார்ப்பின் வேறொரு வேடிக்கை தோன்றும். அம்மையார் பிறந்தது விய ஆண்டு. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்களே சுழன்று வருதலால், விய மீண்டும் 1946இலும் 2006இலும் வந்தது. யாம் பிறந்ததும் விய ஆண்டே! ஆண்டின் பெயரை மட்டும் நோக்குவார்க்கு, நூற்றிருபது ஆண்டு முன்பின்னாகப் பிறந்த அம்மையாரும் யாமும் ஒரு வயதினராகத் தோன்றுவோம். பிறந்த மாதத்து நட்சத்திரத்தைக் கொண்டு பிறந்தநாள் காண்பார்க்கோ அந்நாள் ஆண்டுதோறும் இடம் மாறும். ஒரே மாதத்தில் அந்நட்சத்திரம் இருமுறை வருதலும் உண்டு.

பிப்ரவரி 29இற் பிறந்தார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நாட்டியக் கலையை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் 1904ஆம் ஆண்டு அந்நாளில் மதுரையிற் பிறந்து, 1986 பிப்ரவரி 24இல் மறைந்தார். எண்பத்தோர் ஆண்டு நிறைந்த அவர்க்குப் பிறந்த தேதி திரும்பி வந்தது இருபது முறையே.

சட்டத்தின் கணக்கும் சுவையுடையது. 1875ஆம் ஆண்டின் இந்தியப் பராயச் சட்டம் பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகக் கொள்ளும். பதினெட்டாம் ஆண்டு நிறைவுநாள் தொடங்கும்போதே ஒருவர் பராயம் எய்தினார் என்னும். நடுவணரசின் ஊழியர், வயது நிறைகின்ற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவர். ஆயின் மாதத்தின் முதல் நாளிற் பிறந்தவர் முந்திய மாதக் கடைசியிலேயே விடைபெற வேண்டும். இரண்டாம் நாளிற் பிறந்தவர்க்கு மேலும் ஒரு மாதச் சம்பளம் உண்டு. ஒரு நாள் பிந்திப் பிறந்ததன் பயன் இது!

நிற்க. இக்கணக்கெல்லாம் பிறந்த நாள் எழுதி வைக்கப்பட்டார்க்கே உரியன. புதுக்கோட்டைச் சீமையின் கல்வெட்டுக்கள் அரசர்தம் ஆட்சியாண்டையும், பல இடங்களில் மாதம், கிழமை, நட்சத்திரங்களையும் கூறுகின்றன; சமஸ்தானத்தார் அவற்றின் மூலங்களை 1929இல் நூலாக வெளியிட்டனர். அத்தகைய குறிப்புக்களிலிருந்து ஆங்கிலத் தேதியைக் கண்டறிதற்கென்றே, கிறிஸ்தவத் தமிழராகிய திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள காலத்திற்கு அட்டவணைகள் வகுத்து 1922இற் பதிப்பித்தார். அரசர் நாளைக் காண்பதற்குக் கல்லும் உண்டு, நூலும் உண்டு. வயலில் நாற்று நட்ட பெண்ணின் நாளைக் காண்பதற்கு யாதுளது?

முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டசபையில் இருந்த காலத்தே சிறுமியர் மணத்தைத் தடுத்தற்பொருட்டு வாதாடினார். 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் என மணவயதை வரையறுத்தது. ஆயின் மணமேடையிலிருக்கும் சிறுமிக்குப் பதினான்கு நிறைந்ததா என்பதை யார் சொல்வது? பெற்றோரே சொல்ல வேண்டும். அவர்தாமே மணம் செய்து வைப்பவர்! பள்ளியிலும் நெடுங்காலம் இதே நிலைதான். தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபுறத்துக் காதைத் தொட்ட குழந்தைக்கு ஐந்து வயதென்று கொண்டு, தலைமையாசிரியர் தாமே ஒரு தேதியை எழுதுவார். நாடு முழுவதற்கும் ஒரே முறையாகப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது 1969இலேதான். 2023 அக்டோபர் 1 முதற் பிறந்தார்க்கே பிறப்புச் சான்றிதழ் பிறந்த தேதிக்குரிய சான்றாக வைக்கப்பட்டுள்ளது.

எம் அப்பத்தாள் பள்ளிக்குச் சென்றவரல்லர். ஆகவே காதைத் தொடும் தேதியும் அவர்க்கு வாய்க்கவில்லை. வாக்காளர் அட்டைக்குக் கணக்கெடுக்க வந்தவர் வாயிலில் நின்று அவர் முகத்தை நோக்கி, 1-1-1995இல் வயது 40 என எழுதிச் சென்றாராம். தாத்தா இறந்தபின், 2012இல் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, அலுவலகத்தார் அட்டையைப் பார்த்து, "ஐம்பத்தேழுதான் ஆகிறது, அறுபது ஆனபின் வாரும்" என்று திருப்பி அனுப்பினர். அட்டைக்கு அறுபது ஆகும்வரை மூன்றாண்டு, வீங்கிய முழங்காலுடன் அவர் கடலைக்காட்டிற் கூலிக்குச் சென்றார்.

அப்பத்தாளிடம் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. "சமஸ்தானம் போன வருசம், பெரிய வெள்ளிக்கெழம. ஆராதனைக்குப் போனவுக திரும்பி வர்றதுக்குள்ள நான் பொறந்துட்டேனாம்" என்பார். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது 1948 மார்ச் 3. மார்ச் 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முழுநிலாவை அடுத்த ஞாயிறே உயிர்த்தெழுந்த திருநாள் என்பது திருச்சபைக் கணக்கு. அவ்வாண்டு அது மார்ச் 28இல் வந்தது. ஆகவே பெரிய வெள்ளி மார்ச் 26. இவ்வாறு கணக்கிட்ட பின்னரே, சென்ற விடுமுறையிற் போதகர் இசைவுடன் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினோம். ஏப்ரல் 11ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் பெற்றோர் வரிசையில் அப்பத்தாளின் பெயர் இருந்தது. பிறந்த தேதி மார்ச் 26 என்றே மை மங்கிய எழுத்திற் காணப்பட்டது.

அவ்வாறாயின் வாக்காளர் அட்டை குறிக்கும் நாளில் அவர்க்கு உண்மையில் நிறைந்த வயது 46 ஆண்டு, 9 மாதம், 6 நாள். உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பித்த பொழுதே அறுபது கடந்திருந்தார். கழிந்த ஆண்டுகளுக்கு இனி வழியில்லை என்றனர் விவரம் அறிந்தோர். எமக்கு வந்த சினம் அப்பத்தாளுக்கு வரவில்லை. "நாப்பதுன்னு எழுதுனாருன்னா, அப்ப எனக்கு ஒரு முடிகூட நரைக்கலடா தங்கம்" என்று சொல்லிச் சிரித்தார்.

தேதி கிடைத்த பின்னரும் அவர் பெரிய வெள்ளியையே தம் பிறந்தநாளாகக் கொண்டிருக்கின்றார். அன்று உபவாச நாளாதலின் பண்டம் ஏதும் செய்தல் இல்லை. மார்ச் 26உம் பெரிய வெள்ளியும் 1948க்குப் பின் ஒருமுறையும் ஒன்றுகூடவில்லை என்பதை அட்டவணையிற் கண்டோம். 2027இல் அவை கூடும். அன்று அப்பத்தாள் பிறந்து 28,854 நாள் ஆகியிருக்கும். ஏழால் வகுக்க மிச்சமில்லை. அவர்க்கு எழுபத்தொன்பது நிறையும். அட்டையின்படி எழுபத்திரண்டு.