மும்பையின் மூலைக்கடைகளில் ரொட்டியும் தேநீரும்

நம் பங்குக் குடும்பங்களுள் மும்பையோடு யாதொரு தொடர்பும் இல்லாதவை மிகச் சிலவாகவே இருக்கும். கப்பல் வேலைக்கான நேர்காணலுக்கென்று மகன் போயிருப்பான். அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் மகள் செவிலியாகப் பணியாற்றுவாள். தாராவியில் மூன்று தலைமுறைகளாக வாழும் உறவினர் இருப்பர். செப்டம்பர் மாதத்தில் பாந்த்ரா குன்றின்மேல் வீற்றிருக்கும் அன்னையின் திருவிழாவுக்கென்றே செல்வாரும் உளர். சென்று திரும்புவோர் கடலையும் மாட மாளிகைகளையும் மின்சார இரயிலின் நெரிசலையும் வியந்து பேசுவர். காலையில் எங்கே உண்டீர்கள் என்று கேட்டால், "தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஓட்டல்" என்று சொல்லி முடித்துவிடுவர். அந்நகரில் நூறாண்டு கடந்த ரொட்டிக் கடைகளும் தேநீர்க் கடைகளும் இன்னும் சில உள்ளன. அவை ஒவ்வொன்றாக மறைந்தும் வருகின்றன. அடுத்த முறை செல்வோர் ஒரு வேளை உணவையேனும் அங்கே கொள்ள வேண்டும் என்னும் விருப்பத்தால் இதனை எழுதுகிறேன்.

இக்கடைகளுள் பெரும்பாலானவற்றை மும்பை மக்கள் 'இரானி கடை' என்றே அழைப்பர். பார்சிகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாரசீகத்தை விட்டுக் குஜராத்தில் கரையேறியவர்கள். இரானிகளோ அதே சொராஸ்திர சமயத்தைச் சேர்ந்தவர்களாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யஸ்து, கெர்மான் முதலிய ஊர்களிலிருந்து பஞ்சத்துக்கும் ஒடுக்குமுறைக்கும் அஞ்சி வந்தவர்கள். கையில் பெரும் பொருள் இன்றி வந்த அவர்களுக்குத் தெரிந்த தொழில்கள் ரொட்டி சுடுதலும் தேநீர் வடித்தலும் ஆகும். தெருமுனைக் கடைகளை நகரத்து வணிகர் பலர் இராசியற்றவை என்று ஒதுக்கினர் என்றும், இரானிகள் அவற்றையே மலிவாகப் பிடித்துக்கொண்டனர் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. எவ்வாறாயினும், இரு தெருக்கள் கூடும் மூலையில் இரு பக்கமும் வாயில் திறந்து, காற்றும் வெளிச்சமும் புக நிற்பதே இரானி கடையின் இலக்கணமாயிற்று.

உள்ளே சென்றால் பளிங்குக்கல் பதித்த சிறு மேசைகள், வளைத்த மரத்தால் செய்த கருநிற நாற்காலிகள், சுவரெங்கும் நிலைக்கண்ணாடிகள், பிஸ்கட் நிறைந்த கண்ணாடிச் சாடிகள். கல்லாவின் பின்னே ஒரு முதியவர். சில கடைகளில் செய்யத் தகாதவற்றின் நீண்ட பட்டியல் ஒன்றும் தொங்கும். ஆங்கிலக் கவிஞர் நிசிம் எசேக்கியல் அத்தகைய அறிவிப்பு ஒன்றைக் கொண்டே ஒரு கவிதை புனைந்தார். இப்பட்டியலைக் கண்டு வெருள வேண்டா. ஒரு கோப்பைத் தேநீருக்குக் காசு கொடுத்தவனை எழுந்து போ என்று சொல்லாதது இக்கடைகளின் வழக்கம். இன்ன சாதியார்க்கு இன்ன இடம் என்று பல உணவு விடுதிகள் பிரித்து வைத்திருந்த காலத்திலேயே, இங்கு ஆலைத் தொழிலாளியும் வழக்கறிஞரும், இந்துவும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே மேசையைப் பகிர்ந்தனர். சமையலறை இல்லாத ஒற்றை அறையில் பத்துப் பேராகத் தங்கியிருந்த ஏழைப் பிரமசாரிக்கு, வீட்டின் முன்கூடம் போல் அமைந்தது இந்த மூலைக்கடையே.

காலை உணவுக்கு முதலில் நான் சொல்லக்கூடியது மரீன் லைன்ஸ் நிலையத்துக்கு அருகே, மெட்ரோ திரையரங்குக்கு எதிரில் உள்ள 'கியானி' கடை. 1904-இல் தொடங்கப்பட்டது. அது அமைந்திருக்கும் ஜெர் மஹால் என்னும் பழங்கட்டடம் கத்தோலிக்கராகிய நமக்குத் தனிச் சுவையுடையது. அதன் மேல்மாடிகளில் கோவா நாட்டு ஊர்க்கழகங்கள் உள்ளன. கொங்கணியில் அவற்றைக் 'குட்' என்பர். அறை என்று பொருள். கோவாவின் ஒவ்வொரு கிராமமும் தன் ஊரார்க்கென்று மும்பையில் இப்படி ஓர் அறையை அமைத்துக்கொண்டது. கப்பலுக்குக் காத்திருக்கும் மாலுமியும் சமையற்காரரும் இசைக்கலைஞரும் சிறு கட்டணத்தில் அங்கே தங்குவர். ஆளுக்கொரு தகரப் பெட்டி. சுவரோரம் ஊர்ப் பாதுகாவலரின் பீடம். மாலையில் செபமாலைக்கு எல்லாரும் கூட வேண்டும் என்பது விதி. விடிந்ததும் படியிறங்கி வந்தால் கீழே சூடான ரொட்டி. இதே கட்டடத்தில் ஃபுர்ட்டாடோஸ் என்னும் புகழ்பெற்ற இசைக்கருவிக் கடையும் உண்டு. நம்மூர் ஆலயத்து ஆர்மோனியத்தைப் பழுது பார்க்க ஆளில்லாமல் தவிக்கும் பாடகர் குழுத் தலைவர்கள் அங்கே நுழைந்தால் எளிதில் வெளிவரார்.

கியானியில் 'பன் மஸ்கா' கேட்கலாம். மெதுவான இனிப்பு ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவியது. வெங்காயமும் மல்லித்தழையும் பச்சைமிளகாயும் சேர்த்துக் குழையக் கிளறிய முட்டைக்கு 'அக்கூரி' என்று பெயர். வயிறு நிறைய வேண்டுவோர் கொத்துக்கறியும் பாவும் கொள்க. தேநீரில் தண்ணீர் குறைத்துப் பால் மிகுத்து வேண்டுமென்றால் 'பானி கம்' என்று சொன்னால் போதும்.

'பாவ்' என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். போர்த்துகீசிய மொழியில் ரொட்டிக்கு வழங்கும் சொல்லே மேற்குக் கரையில் பாவ் ஆயிற்று. இலங்கைத் தமிழர் காலையில் வாங்கும் 'பாண்' அதே சொல்லே. நாம் நாள்தோறும் புழங்கும் மேசையும் அலமாரியும் ஜன்னலும் வந்த அதே கப்பல்களில் இதுவும் வந்தது. கோவாவில் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கத் தொடக்கத்தில் தென்னங்கள்ளைச் சேர்த்தனர் என்பர். ஆப்பமாவில் கள் விட்டுப் புளிக்கவைத்த நம் கடற்கரையூர்ப் பாட்டிமார்க்கு இது புதுமையாய்த் தோன்றாது. கோவாவின் கத்தோலிக்க ரொட்டிக்காரர்களே இக்கலையை மும்பைக்குக் கொணர்ந்தவர்களுள் முற்பட்டவர்கள். அவர்கள் மரபில் வந்தது பைகுல்லாவில் உள்ள 'அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பேக்கரி'. பெயரைக் கேட்டு வங்கி என்று மயங்க வேண்டா. 1908-இல் ஃபிரான்சிஸ்கோ கார்வாலோ என்னும் கோவாக்காரர் தொடங்கிய ரொட்டிக் கடை அது. பெரிய வெள்ளிக்குச் சிலுவை இட்ட ரொட்டியும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மார்சிப்பான் முட்டைகளும் அங்கே செய்வர். பாந்த்ரா ஹில் ரோட்டில், திருக்குடும்ப மருத்துவமனையை ஒட்டி 'ஹெர்ஷ்' என்று மற்றொரு பேக்கரி உண்டு. நோயாளிக்குத் துணையிருக்கும் குடும்பத்தார், கறி வைத்த ரொட்டியைக் கையில் வாங்கி வாசலிலேயே நின்று உண்பதைக் காணலாம். குன்றேறி அன்னையை வணங்கி இறங்கும் நம்மவர்க்கும் அது வசதியான இடம்.

கோட்டைப் பகுதியில் உள்ள 'யஸ்தானி' பேக்கரி 1953-ஆம் ஆண்டினது. முன்னர் ஒரு ஜப்பானிய வங்கி இருந்த கட்டடம் என்பர். நாற்காலி மேசைகள் சிலவே. அழகு தேடிப் போவோர் ஏமாறுவர். இக்கடைக்குப் புகழ் தேடித் தந்தது 'புரூன்' என்னும் ரொட்டி. மேலோடு கடினமாக, உடைத்தால் நொறுங்கும், உள்ளே பஞ்சு. வெண்ணெயை அள்ளித் தடவி, சூடான தேநீரில் தோய்த்துத்தான் உண்ண வேண்டும். பல்லில்லாத முதியவரும் அப்படித் தோய்த்தே உண்டு மகிழ்வர். அலுவலகம் திறக்குமுன் வரும் கூட்டத்தில் கோட்டு அணிந்தவரும் கைவண்டி இழுப்பவரும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பர். முன்னே நான் கூறிய ஒரே மேசை வழக்கத்தைக் கண்ணாரக் காண விரும்புவோர் காலை எட்டு மணிக்கு இங்கே வருக.

நண்பகல் உணவுக்குப் பாலார்ட் எஸ்டேட்டில் உள்ள 'பிரிட்டானியா'வையே நான் முதலாவதாக வைப்பேன். துறைமுகத்தை அடுத்த அமைதியான தெருக்கள்; அப்பகுதியைத் திட்டமிட்டவர், இந்தியாவின் நுழைவாயிலை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட். கடை 1923-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்தார் இடத்தை எடுத்துக்கொண்டனர். அதன் நெடுநாள் உரிமையாளர் போமன் கோஹினூர் தொண்ணூறு வயது கடந்த பின்னும் மேசைதோறும் சென்று, என்ன வேண்டும் என்று தாமே கேட்டு எழுதிக்கொள்வார். வந்தவரிடம் ஊரும் பேரும் கேட்டு, ஆங்கிலேய அரச குடும்பத்தின்பால் தமக்குள்ள பற்றையும் ஒரு பாட்டம் சொல்லித் தீர்ப்பார். 2016-இல் இளவரசர் வில்லியம் மும்பைக்கு வந்தபோது இம்முதியவரை நேரில் சந்தித்தார். 2019-இல், 97-ஆம் வயதில் கோஹினூர் காலமானார். இக்கடையின் பெரும்புகழாகிய 'பெர்ரி புலாவ்' 1982 முதல் இங்கே பரிமாறப்படுகிறது. அதனை அறிமுகப்படுத்தியவர் அவருடைய மனைவி. ஈரானில் வாழ்ந்த காலத்தில் அவ்வுணவைக் கற்றுக்கொண்டவர். குங்குமப்பூ மணக்கும் சோற்றின்மேல் சிவந்து கிடக்கும் சிறு கனிகள் ஈரான் நாட்டிலிருந்து வருபவை. களாக்காயை உலர்த்தினாற்போன்ற புளிப்பு. நம் பிரியாணியின் காரத்தை எதிர்பார்த்துச் செல்வோர்க்கு முதல் கவளம் சப்பென்றிருக்கும். மூன்றாவது கவளத்தில் பிடிபடும். முடிவில் காரமெல் கஸ்டர்டைத் தவறவிட வேண்டா.

கொலாபாவின் 'லியோபோல்ட்' 1871-ஆம் ஆண்டினது. 2008 நவம்பர் 26-ஆம் நாள் பயங்கரவாதிகள் சுட்ட இடங்களுள் ஒன்று. சில நாள்களுக்குள் மீண்டும் கதவு திறந்த துணிவுக்காக அதனை மதிக்கிறேன். ஆனால் இன்று அது சுற்றுலாப் பயணிகளின் இடம். குடும்பத்தோடு செல்வோர்க்குச் செலவும் இரைச்சலும் மிகுதி.

இட்டலி இல்லாமல் பொழுது விடியாது என்போர்க்கு மாதுங்கா இருக்கிறது. தென்னாட்டார் குடியேறிய பகுதி. 'கபே மெட்ராஸ்' 1940-இலும், இரயில் நிலையத்தருகே வாழையிலையில் சோறிடும் 'ராமா நாயக்' உணவகம் 1942-இலும் தோன்றின. அண்மையிலேயே டான் போஸ்கோ அன்னையின் திருத்தலம். ஞாயிறு பூசை முடிந்ததும் கபே மெட்ராஸ் வாயிலில் காத்து நிற்கும் கூட்டத்தில் தமிழ் கேட்கும். அங்கேயும் கிங்ஸ் சர்க்கிள் மூலையில் 1932-ஆம் ஆண்டின் 'கூலார்' என்னும் இரானி கடை ஒன்று உண்டு. தோசையும் புரூனும் எதிரெதிரே இருந்து ஒன்றையொன்று கெடுக்காமல் பிழைத்தது மும்பையின் பெருந்தன்மை எனலாம்.

பிழைக்காதவையே மிகுதி. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த இரானி கடைகள் இன்று விரல்விட்டு எண்ணும் நிலைக்கு அருகில் வந்துவிட்டன. கியானிக்கு எதிரே இருந்த பஸ்தானி மூடப்பட்டு நெடுநாளாயிற்று. கிராண்ட் ரோடு நிலையத்துக்கு எதிரில் 1914-இல் தோன்றிய 'பி. மெர்வான்' கடையில், பாற்கோவா சேர்த்த மாவா கேக்குகள் விடிந்த சில மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுவது வழக்கமாயிருந்தது. 2014-இல் அக்கடை மூடப்போகிறது என்ற செய்தி பரவியபோது, இறந்தவரைக் காண வருவது போல் மக்கள் வந்து நின்றனர். அம்முறை அது மீண்டும் திறந்தது. காரணங்கள் பல. பிள்ளைகள் படித்து வெளிநாடு சென்றனர். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து சூளை மூட்ட அவர்கள் வாரார். பங்காளிகளிடையே வழக்கு. மூலைமனையின் விலையோ விண்ணை முட்டுகிறது. தேநீர் விற்று ஈட்ட முடியாத தொகையை மனையை விற்றால் ஒரே நாளில் பெறலாம்.

அண்மையில் மற்றொன்றும் சேர்ந்தது. 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், விறகும் நிலக்கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாறிவிட வேண்டும் என்று ஆணையிட்டது. நகரத்தின் காற்று கெட்டுவிட்டது என்பதை மறுப்பார் இலர். அச்சூளைகளின் முன் இரவெல்லாம் வேகின்ற வடநாட்டு இளைஞரின் நுரையீரலை எண்ணினால், புகை போவது நன்றே. விறகுச் சூளையின் மணம் போய்விடுமே என்று ஏங்கும் சுவைஞர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாவுக்காக ஒருவன் இருமிச் சாக வேண்டியதில்லை. ஆனால் புதுச் சூளைக்கான முதலைச் சிறு கடைக்காரர் எங்கே தேடுவார் என்ற கேள்வி நிற்கிறது. பாவின் விலை ஏறினால், இரண்டு பாவும் ஒரு வடையுமே நண்பகல் உணவாகக் கொள்ளும் கூலியாள் முதலில் உணர்வார். சூளையைப் புதுப்பிக்கக் குறைந்த வட்டிக் கடன் கொடுப்பது அரசுக்குப் பெரும் சுமையன்று. கொடாவிட்டால், எஞ்சிய கடைகளின் இடத்திலும் ஒரு நாள் கைப்பேசிக் கடையே இருக்கும்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள். காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நேரமே இக்கடைகளுக்குச் சிறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைப் பகுதி உறங்கும். முன்னரே விசாரித்துச் செல்க. சில்லறை வைத்துக்கொள்க. இடமில்லையென்றால் ஒருவர் அமர்ந்திருக்கும் மேசையில் கேட்டு அமரலாம். அது அங்கே மரியாதைக் குறைவன்று. ஊர் திரும்பும்போது வீட்டுக்கு வாங்குவதானால், 'காரி' என்னும் அடுக்கு பிஸ்கட் நாகர்கோவில் வண்டியின் குலுக்கலில் தூளாகிவிடும். நான்கட்டாயும் இஞ்சி பிஸ்கட்டும் வீடு வரை தாங்கும். மாவா கேக்கை மறுநாளைக்குள் தின்றுவிட வேண்டும். பிள்ளைகள் உடனிருந்தால் அது கல்யாணைத் தாண்டாது.