ஆட்டுச் சொறியும் அறிவியல் பாடமும்

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் பெரியாற்று நீரும் திராட்சைப் பந்தலும் நினைவுக்கு வரும். அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் செம்மறிகளை நினைப்போர் சிலரே. எங்கள் வீட்டில் அவைதாம் சோறு போட்டன. என் கல்லூரிக் கட்டணத்தையும் கட்டின.

அந்த ஆடுகளின் பகை சொறி. அதற்குக் காரணம் உண்ணிக்கு உறவான 'சோராப்டிஸ் ஓவிஸ்' என்னும் சிறு பூச்சி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உருவம். அது தோலைத் துளைத்து உட்புகுவதில்லை, மேலேயே வாழ்கிறது. அதன் கழிவிலும் உடலிலும் உள்ள புரதங்களை ஆட்டின் உடல் எதிர்ப்பதே அரிப்பாகவும் புண்ணாகவும் மாறுகிறது. அப்புரதங்களுள் ஒன்று டிரோப்போமயோசின் என்னும் தசைப்புரதம். இறால் தின்றால் சிலருக்குத் தடிப்பு உண்டாவதும் பெரும்பாலும் இவ்வகைப் புரதத்தால்தான்!

சென்ற ஆண்டு ஐவர்மெக்டின் ஊசி போட்ட மறுநாளும் எங்கள் ஆடுகள் உரசிக்கொண்டே நின்றன.

"மருந்து வேலை செய்யலடா. இன்னைக்கே இன்னொன்னு போட்ருவோம்" என்றார் அப்பா.

"பூச்சி செத்தாலும் அதோட சக்கை தோல்ல கிடக்குறவரை அரிக்கும்ப்பா. அடுத்த ஊசிக்கு டாக்டர் சொன்ன ஏழாம் நாள் வரட்டும்" என்றேன்.

ஆயுள் முழுதும் ஆடு மேய்த்தவர், இரண்டாண்டு படித்தவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஊசியைக் கீழே வைத்தார்.

எங்கள் குடும்பத்தின் முதற்பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குமுன்பே விலங்கியல் எங்கள் கிடைக்குள் வந்துவிட்டது, நண்பர்களே!