பாதி வண்டிக்குள் முழு உயிர்

ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள தம்போய், மாசாய், உலு திராம் தொழிற்பேட்டைகளில் ஒரு சனிக்கிழமை காலை நடந்து பாருங்கள். சில பட்டறைகளின் வாசலில் விசித்திரமான வண்டிகள் நிற்கும். முகப்பு விளக்கு, இன்ஜின், கீர்பாக்ஸ், ஸ்டீயரிங் எல்லாம் இருக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் வண்டியே இருக்காது. இதுதான் 'ஹாஃப்கட்'. நம் ஊரில் தீராத வண்டிக் கோளாறுக்குக் கடைசி வைத்தியம்.

ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. செலவு அதிகம் என்பதால் நன்றாக ஓடும் காரையே பலர் கைவிடுகிறார்கள். முழுக் காராகக் கொண்டு வந்தால் இங்கே வரியும் அனுமதியும் பெரிய தொல்லை. வெட்டிக் கொண்டு வந்தால் அது வெறும் உதிரிபாகம்.

அது நம் வண்டிக்கு எப்படிப் பொருந்துகிறது? ஜப்பானிலும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும், பிறகு வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சரின் வழி வந்தவை. 1994-இல் வந்த 660 சிசி கஞ்சில், டைஹாட்சு மீராவின் உடன்பிறப்பு. சொந்தக்காரர் ரத்தம் பொருந்துவதுபோல் இன்ஜினும் பொருந்துகிறது. வயரிங்கும் கணினிப் பெட்டியும் சேர்ந்தே வருவதால் ஃபோர்மேனுக்குத் தலைவலி குறைவு.

ஜொகூரில் இதற்குத் தேவையும் அதிகம். விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவருக்கு வண்டி படுத்தால் அன்றைய சம்பளம் போச்சு. புதுக் கார் என்றால் ஒன்பது ஆண்டு வரை கடன். அதனால்தான் மூன்று தடவை பார்த்தும் சூடு அடங்காத வண்டியின் முன் நின்று, "அண்ணே, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, ஹாஃப்கட் போட்டுடலாம்" என்று ஃபோர்மேன் சொன்னதும் நாமும் தலையாட்டுகிறோம்.

தலையாட்டுமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "நோய் என்னன்னு கண்டுபிடிச்சாச்சா, தம்பி?"

வண்டி சூடேறப் பல காரணங்கள் உண்டு. ரேடியேட்டர் மூடி தளர்ந்திருக்கலாம், விசிறி ஓடாமல் இருக்கலாம், தண்ணீர் பம்ப் தேய்ந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால்கூட அதை மட்டும் மாற்றிப் பிழைக்கலாம். மூடி மாற்றச் சில பத்து வெள்ளி போதும், இன்ஜின் மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும்.

இன்னொரு முரட்டு வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. 'சூடான நாட்டுக்கு அது எதற்கு?' என்பார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலை செய்யத் தேவையான சூட்டை எட்டவே நேரமாகும். இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றும். பழுது மறைந்ததுபோல் தெரியும், எண்ணெய்ச் செலவு ஏறும்.

உண்மையிலேயே இன்ஜின் தேய்ந்து, கம்ப்ரஷன் இறங்கி, புகை கக்கினால் ஹாஃப்கட் நியாயமான முடிவுதான். ஆனால் கழற்றுமுன் அந்த இன்ஜினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நாள் உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீதும் இறக்குமதித் தாளும் கையில் இருக்கட்டும்.

முக்கியமானது சட்டம். இன்ஜின் மாற்ற ஜேபிஜே அனுமதி வேண்டும். சோதனை முடிந்து, புது இன்ஜின் எண் வண்டிக் கிராண்டில் ஏற வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால் சாலைச் சோதனையில் மாட்டலாம். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். வண்டி விற்கும் நாளில் எண் பொருந்தாமல் பேரம் முறியும்.

2009-இல் அறிவித்த தேசிய வாகனக் கொள்கை, 2011 ஜூன் முதல் பழைய உதிரிபாக இறக்குமதிக்குத் தடை என்றது. வியாபாரிகள் எதிர்த்ததால் அது தள்ளிப்போனது. பழைய வண்டியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி.

அந்த நிம்மதி நிலைக்க வேண்டுமென்றால், வெட்டி வந்த வண்டியைத் தேடிப் போகுமுன், நம் வண்டிக்கு என்ன நோய் என்று இரண்டாவது பட்டறையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு தே தாரிக் விலையாகக்கூட இருக்கலாம்.